கொழும்பு – சென்னை வான்வழி: தூரமும் காலமும்

வழியின் நீளத்தை அளப்பதற்குத் தமிழில் வழங்கிய பழைய அளவைகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. ஒன்று 'கூப்பிடு தூரம்'. மற்றையது 'நாழிகை வழி'. முன்னது, ஒருவன் உரக்க அழைத்தால் அக்குரல் சென்றெட்டும் எல்லை. பின்னது, ஒரு நாழிகைப் பொழுதில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவன் நடந்து கடக்கக்கூடிய வழி. இவ்வளவைகளை வழங்கியோர் தூரம் வேறு, காலம் வேறு என எண்ணினாரல்லர். மனிதனது நடையே பயணத்தின் வேகமாயிருந்த காலத்தில் அவ்வாறு பிரித்தெண்ண வேண்டிய தேவையும் எழவில்லை.

இயந்திரங்கள் வந்தபின் அவ்விரண்டும் பிரிந்தன. இன்று கொழும்புக்கும் சென்னைக்குமிடையே எவ்வளவு தூரம் என வினவினால், வான்வழியில் ஏறத்தாழ 645 கிலோமீற்றர் என்பது விடை. எவ்வளவு நேரம் என வினவினால், ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை என்பது விடை. எந்தக் கால அட்டவணையும் இவ்விடைகளைத் தரும். ஆனால் இவ்விரு எண்களுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. தூரம் ஒருபோதும் மாறவில்லை. நேரமோ நாட்களிலிருந்து நிமிடங்களுக்குச் சுருங்கியும், சில வேளைகளில் நிமிடங்களிலிருந்து மீண்டும் நாட்களுக்கு விரிந்தும் வந்துள்ளது. அச்சுருக்கத்தை இயந்திரம் செய்தது. அவ்விரிவைச் செய்தது எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலப்படம் கூறுவது

முதலில் நிலப்படத்தை நோக்குவோம். கட்டுநாயக்க விமான நிலையம் கிழக்கு நெடுங்கோடு 79.9 பாகையை ஒட்டியும், சென்னை மீனம்பாக்கம் 80.2 பாகையை ஒட்டியும் அமைந்துள்ளன. எனவே இவ்விரு நகரங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், ஒன்றுக்கு நேர் வடக்கே மற்றொன்றாக உள்ளன எனலாம். இவற்றை ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அக்கோடு இலங்கையின் மேற்குக் கரையை அணைந்து வடக்கே சென்று, யாழ்ப்பாண நகரை ஏறத்தாழத் தொட்டுப் பாக்கு நீரிணையைத் தாண்டி, கோடிக்கரைக்குச் சற்றுக் கிழக்கே கடலோரமாகச் சென்று சென்னையை அடையும். விமானங்கள் தமக்கு வகுக்கப்பட்ட வான்பாதைகளிலே பறப்பதால் இக்கோட்டிலிருந்து சிறிது விலகலாம். எனினும் கொழும்பிலிருந்து சென்னை செல்லும் நேர்வழி யாழ்ப்பாணத்தின் தலைமேற் செல்கிறது என்னும் உண்மையை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதி அதனையே பற்றி நிற்கிறது.

பலாலியிலிருந்து சென்னைக்கு வான்தூரம் ஏறக்குறைய 354 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளிக்கு 185 கிலோமீற்றருக்கும் குறைவு. கண்டிக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அக்குறணையிலிருந்து நேர்கோடு வரைந்தால் சென்னை சுமார் 625 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அதாவது விமானம் ஏறுவதற்காக நாம் செல்லும் கட்டுநாயக்கவைவிட அக்குறணையே சென்னைக்குச் சற்று அண்மையில் உள்ளது! ஆயினும் அக்குறணையான் ஒருவன் சென்னை செல்லப் புறப்பட்டால், முதலில் நூறு கிலோமீற்றருக்கு மேல் எதிர்த்திசையில், தென்மேற்கு நோக்கியே பயணிக்கின்றான்.

நேரத்தைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. விமான நேரம் என அட்டவணையிற் குறிக்கப்படுவது வானிற் பறக்கும் நேரம் மட்டுமன்று. தரிப்பிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கியது முதல் மறுமுனைத் தரிப்பிடத்தில் வந்து நிற்கும் வரையுள்ள நேரமாகும். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஜெட் விமானம் 645 கிலோமீற்றரை ஐம்பது நிமிடத்துக்குட் கடந்துவிடும். எஞ்சிய நேரம் ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலெழுதல், தாழ்தல், இறங்க முறை காத்திருத்தல் ஆகியவற்றிற் செலவாகின்றது. இதனாலேயே பலாலி – சென்னை தூரம் கொழும்பு – சென்னை தூரத்திற் பாதியளவேயாயினும், அங்கு பறக்கும் ஏ.டி.ஆர். வகைச் சுழல்விசிறி விமானமும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கின்றது. தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்னும் கணக்கு வான்வழிக்குப் பொருந்துவதில்லை.

நடையும் பொதிமாடும் படகும்

விமானம் குறுக்கியது எதனை என்பதை அறிய, அதற்கு முற்பட்ட பயணங்களை நோக்குதல் அவசியம். கண்டி இராச்சியக் காலத்தில் மலைநாட்டு முஸ்லிம்கள் பலர் 'மடிகே' எனப்பட்ட மாட்டுப் போக்குவரத்துப் பிரிவிற் கடமையாற்றினர். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏறின. மலைநாட்டிலிருந்து பாக்கு முதலியன கரையோரத்துக்கு இறங்கின. 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டு அணியின் நடையே அன்றைய வணிகத்தின் கடிகாரமாயிருந்தது. கரையை அடைந்தபின் தோணி. தோணிக்கு அப்பால் கீழக்கரையும் காயல்பட்டினமும். பருவக்காற்று வாய்த்தால் விரைவு, வாய்க்காவிடிற் காத்திருப்பு. கடலைக் கடப்பதற்கு அன்று காற்றின் அனுமதி ஒன்றே வேண்டப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது இவ்வழி துயரின் வழியாயிற்று. தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் வீதி இன்று அக்குறணைக் கடைத்தெருவை ஊடறுத்தே செல்கின்றது. கொழும்பு – கண்டிப் புகைவண்டிப் பாதை 1867இல் திறக்கப்பட்டது கோப்பியை இறக்குவதற்காகும். அக்கோப்பியைப் பறித்த கைகள் நெடுங்காலம் நடந்தே வந்தன.

1914ஆம் ஆண்டு இவ்வழியின் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கிற்று. இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 22 மைல். சென்னையில் மாலை புகைவண்டி ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் இலங்கைப் புகைவண்டிக்கு மாறி, அடுத்த நாட் காலை கொழும்பில் இறங்கினார். இரண்டு இரவும் ஒரு பகலும்: இதுவே 'போட் மெயில்' காலத்துக் கணக்கு. கண்டிக்குச் செல்வோர் பொல்காவலையில் வண்டி மாறினர்.

ஆனால் இக்கணக்கு எல்லோர்க்கும் ஒன்றாயிருக்கவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. அதே கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் மருத்துவக் கண்காணிப்பின் கீழ்ச் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். வழி ஒன்று, கப்பல் ஒன்று, கடலும் ஒன்று. ஆயின் வணிகனுக்கு இரண்டு இரவு, தொழிலாளிக்கு ஒரு வாரம் வரை. பயண நேரத்தைத் தீர்மானிப்பது வாகனத்தின் வேகம் மட்டுமன்று, பயணி யார் என்பதுமாகும் என்னும் பாடத்தை இவ்வழி அக்காலத்திலேயே கற்பித்துவிட்டது.

வானூர்தியின் வருகை

டாட்டா நிறுவனத்தின் ஒழுங்கான வான் அஞ்சற் சேவை 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி கராச்சியிலிருந்து தொடங்கிற்று. ஜே. ஆர். டி. டாட்டா 'பஸ் மொத்' எனப்பட்ட சிறு விமானத்தைப் பம்பாய் வரை ஓட்டிச் செல்ல, அங்கிருந்து நெவில் வின்சென்ற் அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். ஆகச் சென்னை வான்வழியின் ஒரு முனையாக முதலில் அமைந்தது. கொழும்பு அதனோடு இணைவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன.

1935 நவெம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் அமைக்கப்பட்ட புதிய இறங்குதளத்தில் முதல் விமானம் இறங்கியது. அதுவும் ஒரு 'பஸ் மொத்' விமானமே. அதனைச் செலுத்தி வந்தவர் சென்னைப் பறத்தற் கழகத்தைச் சேர்ந்த டின்டேல் பிஸ்கோ. இலங்கையின் முதல் விமான நிலையத்தில் முதலாவதாக வந்திறங்கியது சென்னையிலிருந்து வந்த விமானம் என்பது வரலாற்றுப் பொருத்தம் உடையதே. 1938 பெப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் வான் அஞ்சற் சேவை சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கு நீட்டப்பட்டது. மனிதருக்கு முன் கடிதங்களே இவ்வழியை ஒழுங்காகப் பயன்படுத்தின எனலாம்.

இரண்டாம் உலகப்போர் இத்தீவில் ஓடுபாதைகளைப் பெருக்கிற்று. பிரித்தானிய விமானப்படை பலாலியிலும் கட்டுநாயக்கவிலும் தளங்களை அமைத்தது. போருக்கென அமைந்த அத்தளங்கள் போர் முடிந்தபின் பொதுமக்களுக்குப் பயன்பட்டன. பின்னொரு காலத்திற் பலாலி மீண்டும் போருக்கே திரும்பியதையும் நாம் காணவிருக்கின்றோம்.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி 'எயார் சிலோன்' தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. போக்குவரத்து அமைச்சராயிருந்த ஜோன் கொத்தலாவலையின் முயற்சி இதற்குப் பின்னணியாயிருந்தது. 'சீதாதேவி' எனப் பெயரிடப்பட்ட டக்ளஸ் டி.சி. 3 விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட பலாலியில் இறங்கி, பின் சென்னை சென்றது. இரு கட்டங்களும் சேர்ந்து ஏறத்தாழ 685 கிலோமீற்றர். மணிக்கு 270 கிலோமீற்றர் அளவிற் பறக்கும் அவ்விமானத்துக்கு இது சுமார் இரண்டரை மணி நேரப் பறப்பாகும். இரண்டு இரவும் ஒரு பகலும் இரண்டரை மணியாகச் சுருங்கின. இராமாயணத்திலே இலங்கையிற் சிறையிருந்து மீண்டவளின் பெயரை, எயார் சிலோனின் முதற் பயணத்தில் இந்தியாவுக்குப் பறந்த விமானம் தாங்கியிருந்தமை குறிப்பிடத்தக்கது. விமானச் சீட்டு வசதி படைத்தோர்க்கே எட்டக்கூடியதாயிருந்ததால், பெரும்பான்மையோர் நெடுங்காலம் போட் மெயிலிலேயே சென்றனர்.

இம்முதல் வான்வழியில் யாழ்ப்பாணம் ஒரு நடுத் தங்குமிடமாக அமைந்தது. நிலப்படத்தில் நாம் கண்ட நேர்கோடு இங்கு நடைமுறையில் அவ்வாறே பின்பற்றப்பட்டது.

கடவுச்சீட்டும் உடன் வந்தது

வான்வழி திறந்த காலத்தை அரசியல் வரலாற்றோடு ஒப்புநோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இந்தியா 1947 ஓகஸ்ட் 15ஆம் திகதியும் இலங்கை 1948 பெப்ரவரி 4ஆம் திகதியும் சுதந்திரம் பெற்றன. சீதாதேவி விமானம் பறந்தது இவ்விரு நாட்களுக்கும் இடையிலேயே. அது பறந்து ஓராண்டு நிறைவதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறி, ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குடிவரவு குடியகல்வை நெறிப்படுத்திற்று. அதுவரை ஒரே பேரரசின் இரு பகுதிகளாயிருந்த நாடுகளுக்கிடையே கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் கட்டாயமாயின.

ஆகவே விரைவும் எல்லையும் ஏறக்குறைய ஒரே நேரத்திற் பிறந்தன. இயந்திரம் கடலைக் குறுக்கிய அதே வேளையிற் சட்டம் அதனை அகலமாக்கிற்று. இது தற்செயலாக நிகழ்ந்ததாயினும் இவ்வழியின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல் எனலாம்.

1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் 1974இல் முடிவு செய்யப்பட்டது. அவ்வொப்பந்தம் எழுதப்பட்டு இரண்டு மாதத்துக்குள், 1964 டிசெம்பரில், பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பற் சேவை இராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது. கண்டியிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் புகைவண்டியேறித் தலைமன்னார் சென்ற குடும்பங்கள் அவ்வழியே கடல் கடந்தன. அவர்தம் பயணம் ஓரிரு நாட்களில் முடிந்தது எனக் கால அட்டவணை கூறும். திரும்பி வருவதற்கு வழியில்லாத பயணத்தின் நீளத்தை எந்த அட்டவணையும் கூறாது.

இதே காலத்தில் வானில் வேகம் மேலும் வளர்ந்தது. எயார் சிலோன் 1964இல் 'அவ்ரோ' சுழல்விசிறி விமானத்தையும் 1969இல் 'டிரைடன்ற்' ஜெட் விமானத்தையும் சேவையில் இணைத்தது. 1960களின் பிற்பகுதியிற் சர்வதேச விமான நிலையம் இரத்மலானையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு மாறியது. கொழும்பும் சென்னையும் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவுக்கு வந்தன. இயந்திரத்தைப் பொறுத்தவரை, இவ்வழியின் கதை 1969இலேயே முடிந்துவிட்டது. இன்று பறக்கும் விமானங்கள் அக்காலத்து ஜெட் விமானத்தைவிட விரைவாகச் செல்வதில்லை.

வானத்திற் பூட்டு: இரு எடுத்துக்காட்டுகள்

வானத்துக்கு வேலியில்லை என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் பொய் என்பதை 1971இல் நிகழ்ந்த ஒன்று தெளிவாக்குகின்றது. அதில் இலங்கைக்கும் பங்குண்டு. அவ்வாண்டு ஜனவரி 30ஆம் திகதி 'கங்கா' என்னும் இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு, பின் எரிக்கப்பட்டது. இதனைத் தொடர்ந்து பெப்ரவரி முதல் வாரத்தில் இந்தியா தன் வான்வெளியிற் பாகிஸ்தான் விமானங்கள் பறப்பதைத் தடை செய்தது. அன்று மேற்குப் பாகிஸ்தானின் கராச்சிக்கும் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவுக்கும் இடையேயுள்ள நேர் வான்தூரம் ஏறத்தாழ 2,350 கிலோமீற்றர். தடைக்குப்பின் அவ்விமானங்கள் இந்தியாவைச் சுற்றிக் கொண்டு, கட்டுநாயக்கவில் எரிபொருள் நிரப்பிச் செல்ல நேர்ந்தது. வழி ஏறக்குறைய 4,500 கிலோமீற்றராக, அதாவது இரு மடங்காக நீண்டது. ஒரே நாட்டின் இரு நகரங்கள் ஓர் அறிவித்தலினால் இரு மடங்கு தொலைவாயின. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நாடே இரண்டாயிற்று.

இதனைவிட நமக்கு அண்மையான எடுத்துக்காட்டு யாழ்ப்பாணமாகும். 1978 செப்டெம்பரில் பலாலியிலிருந்து வந்த எயார் சிலோனின் அவ்ரோ விமானமொன்று இரத்மலானையிற் குண்டுவெடிப்பில் அழிந்தது. நிறுவனமும் அக்காலத்தோடு மறைந்து, 1979 செப்டெம்பரில் 'எயார் லங்கா' அதனிடத்தைப் பெற்றது. எழுபதுகளின் இறுதியிற் பலாலிக்கும் தமிழகத்துக்குமிடையிலான வான்சேவை நின்றது. 1983இன் பின் போர் மூண்டது. பலாலி படைத்தளமாகவும் அதன் சுற்றுப்புறம் உயர் பாதுகாப்பு வலயமாகவும் மாறின. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டகன்றனர். தலைமன்னார்க் கப்பலும் எண்பதுகளின் முற்பகுதியில் ஓய்ந்தது.

இந்நிலையில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சென்னை செல்வதற்குரிய கணக்கை நோக்குவோம். நேர்வழி 354 கிலோமீற்றர். அவ்வழி மூடப்பட்டதால் அவர் முதலில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்கு வரவேண்டும். பின் கட்டுநாயக்கவில் விமானமேறி 645 கிலோமீற்றர் வடக்கே செல்லவேண்டும். மொத்தம் ஏறத்தாழ 1,045 கிலோமீற்றர்; நேர்வழியின் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவ்விமானம் செல்லும் நேர்கோடு எது என்பதை முன்னர்க் கண்டோம். அவர் புறப்பட்ட ஊரின் தலைமேலேயே அது செல்கின்றது. தன் வீட்டிலிருந்து பல நாள் அலைந்து வந்து, தன் வீட்டை வானிலிருந்து கடந்து செல்லும் விந்தையான பயணம் இது.

கொழும்புக்கு வரும் வழியும் எளிதாயிருக்கவில்லை. யாழ்தேவி 1990இல் நின்று 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. ஏ9 வீதி நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009க்குப் பின்னரே நிலையாகத் திறந்தது. உள்நாட்டு விமானத்தை நம்பியோர்க்கும் ஆபத்து இருந்தது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட 'லயன் எயார்' விமானம் 55 பேருடன் மன்னார்க் கடலில் வீழ்ந்தது. கராச்சி – டாக்கா வழியை நீட்டியது அயல்நாட்டின் தடை. யாழ்ப்பாணம் – சென்னை வழியை நீட்டியது சொந்த நாட்டின் போர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

வான்வழி மூடப்பட்டோர் பலர் கடலிற் படகேறினர். மன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற அகதிகள் தங்கவைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். இலங்கைக்கு வரும் தொழிலாளரை ஒரு காலத்தில் தடுத்து வைத்த அதே முகாம், இலங்கையிலிருந்து ஓடியவரை வேறொரு காலத்தில் ஏற்றுக்கொண்டது. ஜெட் விமானம் ஒரு மணியிற் கடக்கும் கடலை, சிலர் உயிரைப் பணயம் வைத்து ஓர் இரவு முழுதும் கடந்தனர்.

காத்திருக்கும் நேரம்

போர் வான்வழியின் இரு முனைகளையும் தீண்டியது. 1984 ஓகஸ்ட் 2ஆம் திகதி சென்னை மீனம்பாக்கத்திற் குண்டு வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எயார் லங்கா விமானத்தில் ஏற்றப்படவிருந்த பொதிகளிலேயே அக்குண்டு இருந்தது. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் மாலைதீவு செல்லவிருந்த எயார் லங்கா விமானத்திற் குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்கத் தளமும் விமான நிலையமும் தாக்கப்பட்டன. இவற்றின் விளைவாகச் சோதனைகள் பெருகின. விமானம் பறக்கும் நேரம் மாறவில்லை. அதற்குமுன் மனிதர் காத்திருக்கும் நேரம் நீண்டது.

கடிகாரமே மாறிய ஒரு காலமும் உண்டு. மின் தட்டுப்பாட்டினால் இலங்கை 1996 மே மாதம் தன் நேரத்தை ஒரு மணி முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்தது. 2006 ஏப்ரல் வரை இந்நிலை நீடித்தது. ஆகவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் கொழும்பின் கடிகாரம் சென்னையின் கடிகாரத்துக்கு அரை மணி முந்தியிருந்தது. கொழும்பிற் காலை 10 மணிக்குப் புறப்பட்ட விமானம் 80 நிமிடம் சென்று, சென்னைக் கடிகாரப்படி 10.50க்கு இறங்கிவிடும், திரும்பும் போதோ அரை மணியை இழக்கும். விடுதலைப் புலிகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகள் அம்மாற்றத்தை ஏற்காது பழைய நேரத்தையே பின்பற்றின. சிறு தீவில் இரு நேரங்கள் வழங்கின. நேரம் என்பதும் ஆட்சியின் ஒரு கூறே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மீண்டும் திறந்த வழி

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவெம்பர் 11ஆம் திகதி 'அலையன்ஸ் எயார்' சென்னைச் சேவையைத் தொடங்கிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் 354 கிலோமீற்றர் மீண்டும் 354 கிலோமீற்றராயிற்று. கொள்ளைநோயினால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் 'இண்டிகோ' சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பற் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கிற்று. இவ்வழிகள் திறப்பதும் நிற்பதும் மீள்வதுமாயிருத்தல் ஒன்றை உணர்த்துகின்றது: திறந்த வழி என்றும் திறந்தேயிருக்கும் என்பதற்கு வரலாறு உறுதி தருவதில்லை.

இனி அக்குறணையிலிருந்து சென்னைக்குச் செல்பவரின் கணக்கைப் பார்த்து முடிவுக்கு வருவோம். அக்குறணைக் கடைத்தெருவின் நெரிசலைக் கடந்து, கண்டி வழியாகக் கட்டுநாயக்க செல்ல மூன்று முதல் நான்கு மணி நேரம். பிங்கா ஓயா பெருகி வீதியை மூடும் நாளாயின் அதுவும் நிச்சயமில்லை. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். பறப்பு ஒன்றேகால் மணி. மீனம்பாக்கத்தில் வெளியேற ஒரு மணியளவு. ஆக ஒன்பது மணி நேரத்தில் வானிற் செல்வது ஒரு சிறு பகுதியே. இவற்றுக்கெல்லாம் முன், நுழைவு அனுமதி பெறுவதிற் செல்லும் நாட்கள் தனி. மருத்துவத்துக்காகச் செல்லும் நோயாளிக்கும், வணிகத்துக்காகச் செல்பவருக்கும், பிரிந்து வாழும் உறவினரைக் காணச் செல்லும் மலையகத்தவர்க்கும் பயணம் என்பது இம்முழுக் காலமுமே.

இதுகாறும் கூறியவற்றால் ஒரு பயணத்துள் மூன்று காலங்கள் அடங்கியுள்ளமை பெறப்படும். முதலாவது இயந்திரத்தின் காலம்; அது 1914இலும் 1947இலும் 1969இலும் படிப்படியாகச் சுருங்கி, இன்று ஏறக்குறைய எல்லையை அடைந்துவிட்டது. இரண்டாவது வழியின் காலம்; வீதி, புகைவண்டி, காத்திருப்பு என்பன அதனுள் அடங்கும். மூன்றாவது சட்டத்தின் காலம். எவர் கடக்கலாம், எவர் கடக்கலாகாது என்பதைத் தீர்மானிப்பது அது. கராச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் மண்டபத்திலும் நாம் கண்டது இம்மூன்றாவது காலத்தின் வலிமையையே. முதலாவதைப் பொறியியலாளர் குறுக்கினர். மற்றை இரண்டையும் குறுக்க வேண்டியோர் ஆட்சியாளரும், அவரைத் தெரிவு செய்யும் மக்களுமாவர்.

போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் விமானங்களின் பெயரையும் வேகத்தையும் பதிவதோடு அமையாது, வழி மூடப்பட்ட ஆண்டுகளையும் அவ்வாண்டுகளில் மனிதர் சுற்றிய சுற்றுகளையும் பதிதல் வேண்டும். கோப்பித் தொழிலாளர் நடந்த காட்டுவழிக்குக் கால அட்டவணை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தவர் தெற்கே வந்து வடக்கே பறந்த நாற்பது ஆண்டுகளும் எந்த அட்டவணையிலும் இல்லை. அவ்வரலாற்றைச் சேகரித்து வைத்தற்குரியோர் நம் தலைமுறையினரே. அதை வாழ்ந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர்.